நீலகண்ட சோமயாஜியும் நமது பஞ்சாங்கமும்

சனி பகவான் என்று சொல்லப்படுகிறவர் 2023ஆம் வருஷத்தில் மகர ராசியை விட்டுக் கும்ப ராசிக்கு இரண்டு தடவை குடிபோயிருக்கிறார். ஜனவரி 17ந் தேதி அவர் போய்விட்டதாகத் திருக்கணிதப் பஞ்சாங்கம் சொல்லிற்று. அப்படியல்ல, டிசம்பர் 20ந் தேதிதான் போகிறார் என்று வாக்கியப் பஞ்சாங்கம் சொல்லிற்று. திருநள்ளாற்றில் டிசம்பர் கணக்குப்படி ஜனங்கள் கூட்டங் கூட்டமாய்ப் போய்க் குளித்து எள் விளக்குப் போட்டுவிட்டு வந்தார்கள். ஆகவே பதினோரு மாத காலம் ஒரே சனி ஒரு புஸ்தகத்தின்படி ஒரு வீட்டிலும், இன்னொரு புஸ்தகத்தின்படி அடுத்த வீட்டிலும் குடியிருந்திருக்கிறார். இந்தப் பதினோரு மாதத்தில் ஏழரை நாட்டுச் சனி யாரை விட்டது, யாரைப் பிடித்தது என்று கேட்டால் பதில் சொல்லுகிறவர் யார்? பரிகாரத்திற்கான பணம் மட்டும் இரண்டு கணக்கிலும் வரவு வைக்கப்பட்டது.

இதோடும் நிற்கவில்லை. 2025 மார்ச் 29ந் தேதி சனி மீனத்திற்குப் போகிறார் என்று திருக்கணிதக்காரர்கள் சொன்னபோது, தாங்கள் வாக்கியப் பஞ்சாங்கத்தையே அனுசரிப்பதால் அந்த வருஷத்தில் பெயர்ச்சி கிடையாது என்று திருநள்ளாற்றுக் கோயில் நிர்வாகம் அறிவிப்புச் செய்தது.

தென்காசிக் கடைத்தெருவில் இந்த இரண்டு வகைப் பஞ்சாங்கமும் வாங்கக் கிடைக்கும். வாங்குகிறவர், "எங்கள் வீட்டில் எப்போதும் இதுதான்" என்று ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு போவாரேயொழிய, "இரண்டில் எது நிஜம்?" என்று கேட்பதில்லை. கேட்டாலும் கடைக்காரருக்கென்ன தெரியும்? ஆனால் அதைக் கண்டுபிடிக்கிற வழி மிகவும் எளிது. இராத்திரி வெளியே வந்து அண்ணாந்து பார்த்தால் சனி எங்கே நிற்கிறது என்பது தெரிந்துபோகும். புஸ்தகம் சொல்லுகிற இடத்தில் நின்றால் புஸ்தகம் சரி. நில்லாவிட்டால் புஸ்தகம் தப்பு. இதைச் சொல்ல ஒரு பெரிய படிப்பும் தேவையில்லை.

இதையே ஐந்நூறு வருஷங்களுக்கு முன் ஒருவர் சொன்னார். அவர் நம்மைப் போன்ற நாஸ்திகர் அல்ல. பஞ்சாங்கம் கணிக்கிற கூட்டத்திலேயே பிறந்து, வேதம் ஓதி, சோமயாகமும் செய்து முடித்த நம்பூதிரிப் பார்ப்பனர். குற்றால மலைக்கு மேற்கே, மலையாள தேசத்தில், திரூருக்குப் பக்கத்தில் திருக்கண்டியூர் என்ற ஊர்க்காரர். பெயர் நீலகண்ட சோமயாஜி. அவர் பிறந்தது 1444ஆம் வருஷம். பராக்கிரம பாண்டியன் தென்காசியில் விசுவநாதருக்குக் கோயில் எடுக்க ஆரம்பித்தது 1446இல். அதாவது நம் ஊர்க் கோயிலுக்கு அஸ்திவாரம் போட்டபோது அவர் இரண்டு வயதுக் குழந்தை. மலைக்கு இந்தப் பக்கத்தார் அவரை அந்நியராக நினைக்க வேண்டியதில்லை. செங்கோட்டை 1956 நவம்பர் 1ந் தேதி வரையில் திருவிதாங்கூர் சீமையில்தான் இருந்தது. கொல்லம் ஆண்டு போட்டு எழுதிய சாசனங்கள் நமது திருநெல்வேலிச் சீமையில் எத்தனையோ உண்டு. மலைக்கு அந்தப்புறத்துக் காலக்கணக்கு இந்தப்புறத்திலும் செலாவணியாகி வந்ததுதான்.

இவருடைய மதப் பற்றைப் பற்றி யாரும் சந்தேகப்பட வேண்டியதில்லை. சோமயாஜி என்ற பட்டமே சோமயாகம் செய்தவருக்கு உரியது. ஆறு தரிசனங்களும் கற்றவர் என்று பேர் எடுத்தவர். அவரை ஆதரித்துப் புஸ்தகம் எழுதத் தூண்டியவரோ, நம்பூதிரிகளுக்கெல்லாம் தலைவரான ஆழ்வாஞ்சேரித் தம்பிராக்கள். வான சாஸ்திரம் இவர்களுக்கு எதற்காக வேண்டியிருந்தது என்றால், யாகத்திற்கும் சிராத்தத்திற்கும் நாழிகை தப்பாமல் இருப்பதற்காக. அமாவாசை தப்பினால் தர்ப்பணம் தப்பும், தர்ப்பணம் தப்பினால் பிதிர்க்களுக்குப் போய்ச் சேராது என்ற நம்பிக்கைதான் அவர்களை ஆகாயத்தைப் பார்க்கச் செய்தது. நோக்கம் நமக்கு ஒப்புதலல்ல. ஆனால் பார்த்தார்கள் என்பதை மறைக்க நாம் விரும்பவில்லை.

நீலகண்டருடைய குருவுக்குத் தகப்பனாரான பரமேசுவரர் என்பவர் நிளா நதி கடலில் விழுகிற கரையில் இருந்துகொண்டு ஐம்பத்தைந்து வருஷ காலம் கிரகணங்களையும் கிரகச் சேர்க்கைகளையும் கண்ணால் பார்த்துக் குறித்து வைத்தார். பார்த்ததில் பழைய கணக்குப் பிசகுகிறது என்று கண்டு, 1431இல் "திருக்கணிதம்" என்று ஒரு புதுக் கணக்கு ஏற்படுத்தினார். திருக் என்றால் பார்வை. கண்ணுக்குத் தெரிவதோடு ஒத்துப்போகிற கணக்கு என்பதே அந்தப் பெயரின் அர்த்தம். இன்றைக்குத் திருக்கணிதம் என்ற பெயரைக் கேட்டவுடன், திருநீறு, திருமண் என்பது போல அதுவும் ஏதோ ஒரு திரு என்று எண்ணிக் கன்னத்தில் போட்டுக்கொள்ளுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நீலகண்டர் 1500 வாக்கில் "தந்திர சங்கிரகம்" என்ற கணித நூலைச் செய்தார். பிறகு 1504 வாக்கில் "ஜ்யோதிர் மீமாம்சை" என்று ஒன்று எழுதினார். இந்த இரண்டாவது புஸ்தகம்தான் நமக்கு முக்கியம். சித்தாந்தங்கள் எல்லாம் பிரம்மாவும் சூரியனும் நேரில் உபதேசித்தவை, அவற்றைச் சோதித்துப் பார்க்க மனிதன் யார் என்று அக்காலத்தில் ஒரு கட்சி இருந்தது. இக்காலத்திலும் அதே கட்சி இருக்கிறது, கொஞ்சம் நல்ல சட்டை போட்டுக்கொண்டு. அவர்களுக்கு நீலகண்டர் சொல்லும் பதிலின் சாரம் என்னவென்றால், தெய்வ அனுக்கிரகம் என்பது புத்தி தெளிவதற்கு வேண்டுமானால் உதவுமே தவிர, பிரம்மாவோ சூரியனோ இறங்கி வந்து இலக்கம் சொல்லிக் கொடுப்பதில்லை. சித்தாந்தங்கள் பல இருந்து ஒன்றோடொன்று முரண்படுகின்றன. ஆகையால் கிரகணங்களைப் பார்த்துக் கணக்கைச் சோதிக்க வேண்டும், பிசகினால் திருத்த வேண்டும், திருத்த முடியாவிட்டால் வேறு சித்தாந்தம் செய்துகொள்ள வேண்டும் என்பதாகும். இன்றையதும் ஒருகாலத்தில் பிசகும், அப்போது பின்வருகிறவர்கள் அதையும் திருத்தக் கடவார்கள் என்பது அவர் கருத்து.

யாகம் செய்த ஒரு வைதிகர், ரிஷி வாக்கைப் பார்த்து "பிசகினால் திருத்து" என்று சொன்னார் என்றால் அது சாதாரண விஷயமா?

அவர் வெறும் பேச்சோடும் நிற்கவில்லை. விடிவெள்ளியை நமது குடியானவர்கள் எல்லாரும் அறிவார்கள். அது விடியுமுன் கிழக்கே தெரியும், வேறொரு காலத்தில் அந்தி சாய்ந்தபின் மேற்கே தெரியும், நடுச்சாமத்தில் உச்சியில் ஒருநாளும் தெரியாது. புதனும் அப்படியே, இன்னும் கிட்டத்தில். இரண்டும் சூரியனை விட்டு விலகுவதே இல்லை. கட்டுத்தறியில் கட்டின மாடு கயிற்று நீளத்திற்குமேல் போகாதல்லவா? இதைப் பார்த்த பழைய ஜோதிஷிகள் அவ்விரண்டுக்கும் ஏதேதோ ஒட்டுக் கணக்குப் போட்டுச் சமாளித்து வந்தார்கள். நீலகண்டர் அந்தக் கணக்கின் முறையை மாற்றினார். பின்னால் எழுதிய நூல்களில், புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி ஆகிய ஐந்தும் சூரியனையே சுற்றுகின்றன, அவற்றை இழுத்துக்கொண்டு சூரியன் பூமியைச் சுற்றுகிறது என்ற முடிவுக்கு வந்தார். ஏறக்குறைய இதே முடிவை டென்மார்க்கு தேசத்து டைக்கோ பிராகே என்பவர் 1588இல்தான் அச்சிட்டார்.

இங்கே ஒரு எச்சரிக்கை செய்துவிடுகிறோம். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று நீலகண்டர் சொல்லவில்லை. பூமியை நடுவிலேயேதான் வைத்திருந்தார். "கோப்பர்நிக்கஸுக்கு முன்னாலேயே எங்களவர் எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிட்டார்" என்று மேடையில் முழங்குகிறவர்கள் அவருடைய புஸ்தகத்தின் அட்டையைக்கூடப் பார்த்தவர்களல்ல. செய்யாததைச் செய்ததாகச் சொல்லுவது ஸ்தல புராணக்காரர்களின் தொழில். அது நமக்கு வேண்டாம். அவர் மெய்யாகச் செய்ததே போதுமான பெருமை.

நிற்க, கோப்பர்நிக்கஸ் என்பவர் யார்? போலந்தில் தோருன் என்ற ஊரில் 1473இல் பிறந்தவர். சிறுவயதில் தகப்பனார் இறந்துபோக, தாய்மாமன் ஆதரவில் படித்தார். அந்த மாமன் ஒரு பிஷப்பு. மருமகனுக்கு பிராம்போர்க் மாதாகோயிலில் கானன் என்ற உத்தியோகம் வாங்கிக் கொடுத்தார். கோயில் சொத்தைப் பராமரித்து அதன் மான்யத்தில் சீவனம் செய்கிற உத்தியோகம் அது. ஆக இவரும் கோயில் சோறு சாப்பிட்டவர்தான். பூமி தன்னையும் சுற்றிக்கொண்டு சூரியனையும் சுற்றுகிறது என்று அவர் எழுதிய புஸ்தகம் 1543இல், அவர் செத்த வருஷத்தில், ஜெர்மனியில் நூரம்பர்க் நகரில் அச்சாயிற்று. அதைப் போப்பாண்டவருக்கே சமர்ப்பணம் செய்திருந்தார். அச்சு வேலையைக் கவனித்த ஒரு பாதிரியார், "இதெல்லாம் கணக்கு வசதிக்காகச் சொல்லுவது, நிஜமென்று கொள்ளவேண்டியதில்லை" என்ற பொருளில் பெயர் போடாமல் ஒரு முகவுரையைச் சொருகிவிட்டார். முதலில் பெரிய கலவரம் ஒன்றும் உண்டாகவில்லை. பிறகுதான் விழித்துக்கொண்டார்கள். 1600 பிப்ரவரி 17ந் தேதி ரோமாபுரியில் புரூனோ உயிரோடு கொளுத்தப்பட்டார். அவர் மேல் சாட்டியவற்றில் மதக் குற்றங்களே அதிகம். உலகங்கள் எண்ணிறந்தவை என்று சொன்னதும் அவற்றோடு ஒன்று. 1616இல் கோப்பர்நிக்கஸ் புஸ்தகம் தடை செய்யப்பட்டது. 1633இல் கலிலியோ முழங்காலிட்டுத் தன் கருத்தை மறுக்கச் செய்யப்பட்டு, 1642இல் சாகிறவரையில் வீட்டுச் சிறையில் வைக்கப்பட்டார். அவர் விஷயத்தில் தப்பு நடந்துவிட்டது என்று போப்பு ஒப்புக்கொண்டது 1992இல்.

இதைக் கேட்டவுடன் நம் வைதிகர்களுக்கு முகம் மலர்ந்துவிடும். "பார்த்தீர்களா! அங்கே கொளுத்தினார்கள், இங்கே நீலகண்டரை யார் கொளுத்தினார்கள்? எங்கள் மதம் எவ்வளவு சகிப்புத்தன்மை உள்ளது!" என்பார்கள்.

நாம் கேட்பது இதுதான். பரண்மேல் பூட்டி வைத்த ஓலையை எதற்காகக் கொளுத்த வேண்டும்? கலிலியோ 1632இல் தன் புஸ்தகத்தைப் பாதிரிமாரின் லத்தீனில் எழுதாமல் கடைத்தெருவில் பேசுகிற இத்தாலிய பாஷையில் எழுதி அச்சிட்டார். செருப்புத் தைக்கிறவனும் படிக்கலாம் என்று ஆனவுடன்தான் மதக்காரனுக்கு வயிற்றைக் கலக்கிற்று. நீலகண்டர் எழுதியது சமஸ்கிருதம். அதை ஓதத் தகுந்தவர்கள் என்று வைத்திருந்ததோ சில இல்லங்களைச் சேர்ந்த சிலரை. அவர் வழியில் வந்த ஜேஷ்டதேவர் என்பவர் 1530 வாக்கில் "யுக்தி பாஷை" என்ற நூலை மலையாளத்திலேயே காரண காரியங்களோடு எழுதினார். அது மிகவும் போற்றத்தக்க காரியம். ஆனால் வயலில் உழுதவனுக்கும் மரமேறினவனுக்கும் எழுத்தே கூடாது, கிட்ட வருவதே தீட்டு என்றிருந்த நாட்டில் பாஷை மாறினால் மட்டும் என்ன பிரயோசனம்? இந்த நூல்களைப் பற்றி வெளியுலகத்திற்குத் தெரிவித்தது கம்பெனி உத்தியோகஸ்தரான விஷ் என்ற வெள்ளைக்காரர், 1830களில். யுக்தி பாஷையின் கணிதப் பகுதி விளக்கத்தோடு அச்சில் வந்தது 1948இல். தந்திர சங்கிரகம் அச்சானது 1958இல். நானூற்றைம்பது வருஷங் கழித்து! இதற்கிடையில் கோப்பர்நிக்கஸின் வழியில் கெப்ளர், கலிலியோ, நியூட்டன் என்று ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறிப் போய்விட்டார்கள்.

கொளுத்தப்படும் பயம் இங்கே இல்லவே இல்லை என்பதும் சரியல்ல. ஆரியபட்டர் 499இல் பூமி தானே சுழலுகிறது என்றார். படகில் போகிறவனுக்குக் கரை பின்னே ஓடுகிற மாதிரி தோன்றுவதை அதற்கு உவமை சொன்னார். பின்வந்த உரைகாரர்கள் அதற்கு வேறு அர்த்தம் பண்ணி மழுப்பினார்கள். 628இல் எழுதிய பிரம்மகுப்தருக்கு, கிரகணம் என்பது நிழல்தான் என்று நன்றாய்த் தெரியும். கணக்கும் நிழலை வைத்தே போட்டிருக்கிறார். ஆனாலும், வேதமும் ஸ்மிருதியும் சொல்லுகிறபடி ராகுதான் காரணம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். 1030 வாக்கில் இந்நாட்டைப் பற்றி எழுதிய அல்பிரூனி என்ற முஸ்லிம் அறிஞர் இதைக் கண்டு ஆச்சரியப்பட்டு, சாக்ரட்டீசுக்கு நேர்ந்த கதி தனக்கும் நேருமென்று பயந்துதான் மனசாட்சிக்கு விரோதமாய் இப்படி எழுதினாரோ என்று சந்தேகப்படுகிறார். விறகு அடுக்காமலே காரியத்தை முடிக்கிற சாமர்த்தியம் நம்மவர்களுக்கு உண்டு.

இனி நமது வாக்கியப் பஞ்சாங்கத்தின் கதையைக் கவனிப்போம். அதற்கு ஆதாரமான "வாக்கிய கரணம்" 1300 வாக்கில் காஞ்சிப் பக்கத்தில் ஏற்பட்டது. அதற்கு உரை எழுதிய சுந்தரராஜர் என்ற தமிழ்நாட்டு ஜோதிஷி, தம் சந்தேகங்களை நீலகண்டருக்கு எழுதிக் கேட்டு விடை பெற்றிருக்கிறார். அதாவது வாக்கியத்தின் உரைகாரரே, திருத்த வேண்டும் என்று சொன்னவரிடம் பாடங் கேட்டவர். உரைகாரருக்கு இருந்த சந்தேகம் இன்று அதை வைத்துப் பிழைக்கிறவர்களுக்கு இல்லை.

கணக்கர்களை நாம் குறைத்துப் பேச வரவில்லை. 1825இல் வாரன் என்ற வெள்ளைக்காரர் புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரரைக் கண்டார். அவர் காகிதமும் எழுதுகோலும் இல்லாமல், தரையில் சோழிகளை வைத்து நகர்த்திக்கொண்டு, மனப்பாடமான வாக்கியங்களைக் கொண்டே அவ்வருஷம் மே 31ந் தேதி இரவு நடந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். ஆரம்ப நேரத்தில் 4 நிமிஷமும், நடுவில் 23 நிமிஷமும், முடிவில் 52 நிமிஷமுமே வித்தியாசம். எவ்வளவு பெரிய ஞாபகசக்தி! ஆனால் கிரகணம் ஏன் வருகிறது, அந்த வாக்கியங்கள் எப்படி உண்டாயின என்பது அவருக்குத் தெரியாது. செக்குமாடு எவ்வளவு நடந்தாலும் ஊர் போய்ச் சேராதது போல, காரணம் தெரியாத கணக்கு அந்த 52 நிமிஷத்தைத் திருத்திக்கொள்ள வழியில்லாமல் நின்றுபோயிற்று.

வழி காட்ட ஆள் இல்லாமலும் இல்லை. சென்னை வானிலை நோக்குச்சாலையில் உதவியாளராயிருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி என்ற வைணவர், 1867இல் ஒளி மாறுகிற நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தவர், தூரதிருஷ்டிக் கண்ணாடியில் பார்த்ததற்கு ஒத்தபடி பஞ்சாங்கத்தைத் திருத்தி வெளியிட்டார். 1874 டிசம்பரில் வெள்ளிக் கிரகம் சூரியனுக்குக் குறுக்கே போனபோது அதைச் சாதாரண ஜனங்களுக்கு விளக்கிச் சிறு புஸ்தகமும் போட்டார். வைதிக உலகம் அவரை எவ்வளவு கேட்டது என்பதற்குத் திருநள்ளாற்று அறிவிப்பே சாட்சி.

சனிப்பெயர்ச்சி எப்படியாவது போகட்டும். திருக்கணிதத்தின்படி சனி எந்த ராசிக்கு நேரே நின்றாலும், அது யாருடைய வீட்டுப் பானையையும் எட்டிப் பார்க்கப் போவதில்லை. ஆனால் காலக்கணக்கு என்பது மழைக்கும் விதைப்புக்கும் சம்பந்தப்பட்டது. குற்றாலத்துச் சாரலையே எடுத்துக்கொள்ளுங்கள். பூமி சாய்ந்தபடியே சூரியனைச் சுற்றி வருவதால், ஒரு காலத்தில் வடபாதி சூரியன் பக்கம் சாய்கிறது. அப்போது நிலம் காய்ந்து, கடற்காற்று தென்மேற்கிலிருந்து இழுபட்டு, மலையில் மோதி, செங்கோட்டைக் கணவாய் வழியே சாரலாய் நம் முகத்தில் விழுகிறது. சாரல் பார்ப்பது சூரியனை. பஞ்சாங்கத்தை அல்ல. தை முதல் தேதி உத்தராயணம் பிறக்கிறது என்று புண்ணிய காலம் பார்த்து முழுகுகிறார்களே, சூரியன் வடக்கே திரும்புவது டிசம்பர் 22 வாக்கில். மூன்று வாரத்திற்குமேல் தாமதமாய் முழுகுகிறார்கள்! ஏறக்குறைய எழுபத்திரண்டு வருஷத்திற்கு ஒரு நாள் வீதம் இந்தப் பிசகு ஏறிக்கொண்டே போகிறது. இப்படியே விட்டால் சுமார் 2,100 வருஷத்தில் ஆடிச் சாரல் ஆனிக்குப் போய்விடும். மேகநாத் சாகா என்ற பெரிய விஞ்ஞானியின் தலைமையில் ஒரு கமிட்டி எல்லாப் பஞ்சாங்கங்களையும் பரிசோதித்து 1955இல் அறிக்கை கொடுத்தது. அதன்படி சர்க்கார் 1957 மார்ச் 22 முதல் ஒரு தேசியக் காலண்டரும் ஏற்படுத்திற்று. அது சர்க்கார் கெஜட்டின் தலைப்பில் இருக்கிறது. கோயில் வாசலுக்கு வரவில்லை.

கிரகணமென்றால் சங்கதி இன்னும் மோசம். 2010 ஜனவரி 15ந் தேதி, தை அமாவாசையன்று, சூரியன் வளையமாய்த் தெரிந்த பாதைக்குள் தென்காசியும் குற்றாலமும் இருந்தன. அதைப்போல நீண்ட நேரம் நிற்கும் வளையக் கிரகணம் 3043 வரை உலகில் எங்கும் வராது. அன்று ஆகாயத்தைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? கதவைச் சாத்திக்கொண்டு, கர்ப்பிணியை மூலையில் உட்கார வைத்து, ஆக்கின சோற்றில் தர்ப்பைப் புல் போட்டவர்கள் எத்தனை பேர்? 2019 நவம்பர் 22ந் தேதி தென்காசி தனி ஜில்லாவாயிற்று. அடுத்த மாதம் 26ந் தேதி மறுபடியும் சூரிய கிரகணம். அன்று கன்னட நாட்டில் கலபுரகி ஜில்லாவில், அங்கஹீனமான குழந்தைகளுக்குக் குணமாகும் என்று சொல்லி, அழ அழக் கழுத்து மட்டும் மண்ணில் புதைத்து வைத்தார்கள். போலீசாரும் டாக்டர்களும் போக வேண்டியிருந்தது. ராகு ஒருவரையும் தொடவில்லை. அந்தக் குழந்தைகளைத் தொட்டது பெற்றோரின் கை.

பரமேசுவரரும் நீலகண்டரும் கிரகண காலத்தில் கதவைச் சாத்திக்கொண்டிருந்தால் அவர்கள் கணக்கு என்னவாகியிருக்கும்? அவர்கள் ஸ்நானமும் செய்திருப்பார்கள், ஜபமும் செய்திருப்பார்கள். ஆனால் கண்ணை மூடவில்லை. அவர்களைக் காட்டிப் பெருமை பேசுகிறவர்கள், அவர்கள் செய்தவற்றில் குளித்ததை மட்டும் எடுத்துக்கொண்டு பார்த்ததை விட்டுவிட்டார்கள்.

2031ஆம் வருஷம் மே மாதம் 21ந் தேதி புதன்கிழமை தெற்குக் கேரளத்திலும் தென் தமிழ்நாட்டிலும் மறுபடி ஒரு வளையச் சூரிய கிரகணம் வருகிறது. இன்னும் நாளிருக்கிறது. பள்ளிக்கூடத்து உபாத்தியாயர்களும் வாலிபர் சங்கத்தாரும் இப்போதே குறித்து வைத்துக்கொள்ளட்டும். வெறுங் கண்ணால் சூரியனைப் பார்ப்பது எந்த நாளிலும் கெடுதி, அன்றைக்கும் கெடுதி. அதற்கென்று செய்த கண்ணாடி வேண்டும். அது கிடைக்காதவர்கள் ஒரு அட்டையில் ஊசித் துவாரம் போட்டு, அதன் நிழலைச் சுவரில் விழச் செய்தால் சூரியனின் உருவம் அங்கே தெரியும். அட்டையும் இல்லாதவர்கள் வேப்பமரத்தடியில் நின்று தரையைக் கவனித்தால் போதும். இலைச் சந்து வழியாய் விழுகிற ஒவ்வொரு வெளிச்சப் பொட்டும் முதலில் பிறை பிறையாய்க் குறையும். வளையம் பூர்த்தியாகும் ஊர்களில் மோதிரம் மோதிரமாய் மாறும். கர்ப்பிணிப் பெண்களையும் கூட அழைத்துக்கொண்டு வரலாம்.